கால் படி

“தேடிப் பார்த்துச் சொல்றேன்மா, எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல.”

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய இடைவேளையில் நான் சொன்ன வாக்கியம் இது. கேட்டவர் எங்கள் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் வேலைபார்த்த தமிழ் விரிவுரையாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை ‘அக்கா’ என்று அழைப்பவர். அவர் கேட்டது ஒரு நோட்டு. அது அப்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்து வைத்திருந்த கைப்பையில் இருந்தது.

“சரிக்கா, மெதுவா தேடுங்க, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போனார். நான் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பொய்களில் இது சின்னப் பொய் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பணத்தைத் திருடவில்லை, யார் மீதும் பழி போடவில்லை, யாருடைய வேலையையும் கெடுக்கவில்லை. என்னிடம் இருந்த ஒன்றை என்னிடமே வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நோட்டு, ஓலைச்சுவடி வாசிக்கக் கற்றுக்கொடுத்த இருபத்தொரு நாள் பயிலரங்கில் நான் எழுதியது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு சுவடியைக் கையிலெடுத்துப் படிக்கத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் போய்ச் சேர்ந்தேன். சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்று குறில் நெடிலைப் பிரித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. கணக்குச் சுவடி என்றால் இன்னும் கடினம். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. ஒவ்வொரு குறியும் ஒவ்வொருவர் கையில் எப்படியெல்லாம் வளைகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தேன். அச்சில் வந்த எந்தப் புத்தகத்திலும் அந்த வேறுபாடுகள் அவ்வளவு விரிவாக எனக்குக் கிடைத்ததில்லை.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் காலி. பின்ன எண்கள் நடந்த நாள் அது. முந்திரி, காணி, மா, கால், அரை, முக்கால் என்று முழு நாளும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்று என் மகளுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. மறுநாள் பக்கத்து இருக்கையில் இருந்த வேறு கல்லூரிப் பேராசிரியரிடம் குறிப்புக் கேட்டேன். “நான் எழுதிக்கிறதில்ல மேடம், மனசுலயே வெச்சுக்குவேன்” என்றார். பதினைந்து நாளாக அவர் பக்கம் பக்கமாக எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தேன். தலைப்பு மட்டும் எழுதிய அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது.

ஆக, எனக்குச் செய்யப்பட்டதை நான் அறிந்தே இன்னொருத்திக்குச் செய்தேன். இதைச் சொல்வது என் தவறைக் குறைத்துக்கொள்ள அல்ல. அது எப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது என்று பார்க்கத்தான்.

ஏன் மறைத்தேன்? அப்போது ஒரு பழைய குடும்பத்தின் கணக்குச் சுவடிக் கட்டு ஒன்றை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வயலில் களையெடுத்த பெண்களுக்கு அளந்த கூலி நெல் அதில் பதிவாகியிருந்தது. பெயர் பெயராக, நாள் நாளாக. இலக்கியத்தில் நாம் தேடித் தேடிச் சலிக்கும் உழைக்கும் பெண்கள் அந்த ஓலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை முதலில் நான்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. அந்த இளம் தோழி வேகமானவர், கணிப்பொறியில் கெட்டிக்காரர். நோட்டு கையில் கிடைத்தால் எனக்கு முன்னால் போய்விடுவார் என்று பயந்தேன். நாற்பதைத் தொடும் வயதில் எனக்கென்று தனியாக ஒரு அறிவு வாய்த்திருந்தது. அதையும் பங்கு போட வேண்டுமா என்ற ஆற்றாமையும் சேர்ந்துகொண்டது.

பணியிடத்தில் அறிவை மறைப்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கேத்தரின் கானலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பிறகு தருகிறேன் என்று பிடிகொடுக்காமல் நழுவுவது ஒன்று. தெரியாததுபோல் பாவனை செய்வது இரண்டாவது. இன்ன காரணத்தால் தர இயலாது என்று நியாயம் சொல்லி மறுப்பது மூன்றாவது. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இருபது ஆண்டுத் துறை வாழ்க்கையில் மூன்றையும் மூன்று குரல்களில் கேட்டிருக்கிறேன். “பார்க்கலாம்மா” என்பது முதல் வகை. “அப்படி ஒரு சுற்றறிக்கை வந்துச்சா என்ன?” இரண்டாவது. “மேலிடத்துல கேட்காம குடுக்கக் கூடாதும்மா” மூன்றாவது. என்னுடையது முதல் வகை. மூன்றிலும் மிகவும் மரியாதையாகத் தோன்றுவது அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துறையில் ஒரு பச்சை நிற பீரோ இருந்தது. சாவி துறைத் தலைவரின் சட்டைப் பையில் இருக்கும். பழைய வினாத்தாள்கள், பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகள், பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வு நிதி பற்றிய கடிதங்கள் எல்லாம் அதற்குள். குறுந்திட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற கடிதம் ஒரு முறை கடைசி நாள் கழிந்து பத்து நாளான பின்புதான் என் மேசைக்கு வந்தது. ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அப்போது அது மறதி என்று நம்பினேன். மறதி எப்போதும் பெண்கள் பக்கமாகவே விழுகிறது என்று புரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.

பீரோவைவிடப் பெரிய இடம் ஒன்று இருந்தது: கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடை. மாலை நான்கு மணிக்கு ஆண் பேராசிரியர்கள் அங்கே நிற்பார்கள். எந்த இதழில் கட்டுரை எடுத்துக்கொள்கிறார்கள், பதவி உயர்வுக் கோப்பில் எந்தத் தாள் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், நேர்முகத் தேர்வுக்கு யார் வருகிறார்கள், யாரிடம் என்ன சுவடி இருக்கிறது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் கைமாறும். அங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. உரக்கத்தான் பேசுவார்கள். நான்கு பத்துக்கு எங்கள் பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு. வீட்டில் குழந்தை பள்ளியிலிருந்து வந்து பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருக்கும். அறிவை மறைக்கப் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. நாம் நிற்க முடியாத இடத்தில், நாம் இருக்க முடியாத நேரத்தில் அதைப் பேசினாலே போதும்.

இதில் புதிது ஏதுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பொதுப்பாயிரத்தில் யாருக்குக் கற்பிக்கலாம் என்று ஒரு பட்டியல் வரும். தன் மகன், ஆசிரியரின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் திறன் உள்ளவன். ஆறு பேர். முதல் மூவரும் மகன்கள். மீதி மூவரும் ‘ன்’ விகுதியில் முடிபவர்கள். முதுகலையில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பாடம் நடத்தத் தொடங்கிய ஆண்டில் முன்வரிசை மாணவி ஒருத்தி, “மக யாருக்கும் இல்லையா அம்மா?” என்று கேட்டாள். வகுப்பில் அறுபது பேர். நாற்பத்தெட்டுப் பேர் பெண்கள். அந்தப் பட்டியலில் இடமில்லாத நாற்பத்தெட்டுப் பேருக்கு, அதில் இடமில்லாத ஒருத்தி அந்த நூலையே கற்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதே பாயிரம் ஆசிரியராகத் தகுதியற்றவரையும் பட்டியலிடுகிறது. பொறாமையும் பேராசையும் வஞ்சனையும் அச்சமும் உடையவர் ஆசிரியர் ஆக மாட்டார் என்கிறது. அப்படிப்பட்டவருக்கு நான்கு உவமைகள். அவற்றில் ஒன்று மடற்பனை: கருக்கு மட்டைகளோடு நிற்கும் பனை. யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்த பழத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். இன்னொன்று பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுக்கை. அடைப்பதும் பாடு, இழுத்தால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். நான் பருத்திக் குண்டிகைகளிடம் பாடம் கேட்டு வளர்ந்தவள். அந்த மதியம் நான் மடற்பனையாக நின்றேன். அச்சம் அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அஞ்சுபவர் மறைப்பது இயல்பு என்று எழுதியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பவணந்தி அந்த ஆறுதலைத் தரவில்லை.

ஒரு தோழி கேட்டாள்: “எல்லாத்தையும் எல்லாருக்கும் தூக்கிக் குடுத்துடணுமா? நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது போதாதா?” அவள் கேள்வி சரியானது. நெறியாளரின் பெயரில் வந்த கட்டுரைகளுக்குத் தரவு திரட்டிய ஆய்வு மாணவிகளை நமக்குத் தெரியும். கூட்டத்தில் பெண் சொன்ன யோசனை அடுத்த கூட்டத்தில் ஆணின் யோசனையாக வருவதும் தெரியும். அச்சில் வரும்வரை தன் தரவைக் காட்டாத மாணவி அறிவை மறைக்கவில்லை. தன் உழைப்பைக் காக்கிறாள். யாரிடமிருந்து, எதற்காக, எவ்வளவு காலம் என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்கும். அந்த மூன்று கேள்விகளை என்னிடம் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. என் தோழி எதையும் பறிக்க வரவில்லை. என் கட்டுரையைக் கேட்கவில்லை, தரவைக் கேட்கவில்லை. எழுத்தை வாசிக்கும் வழியைக் கேட்டார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. “உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும் மேடம், நீங்களே முடிச்சுக் குடுத்திருங்களேன்” என்று தரமதிப்பீட்டுக் கோப்பை என் தலையில் கட்டும் ஆண் சகாக்கள் உண்டு. அவர்களுக்கு மறுப்பதை அறிவை மறுப்பதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்பது அறிவு அல்ல, சம்பளமில்லா வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். செய்துகொடுக்கச் சொல்கிறவர் கோப்பை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவார். பெண்களிடம் காலங்காலமாக ‘பகிர்வு’ என்ற பெயரில் வாங்கப்பட்டது இரண்டாவதுதான். அதனாலேயே முதலாவதையும் நாம் சந்தேகமாகப் பார்க்கப் பழகிவிட்டோம்.

ஒருவர் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்வது கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதற்கு என்னால் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. 1569இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த சேம்பர்லென் குடும்பத்தார் பிரசவ மருத்துவர்கள். சிக்கிக்கொண்ட குழந்தையின் தலையைப் பற்றி வெளியே எடுக்கும் ஒரு கருவியைச் செய்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் ‘ஆயுதம் போட்டு எடுத்தது’ என்று சொல்லும் அதே கருவியின் முன்னோடி. நூறாண்டுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக அதை வெளியே சொல்லவில்லை. பெரிய பெட்டியில் பூட்டிக் கொண்டுவருவார்களாம். பிரசவிக்கும் பெண்ணின் கண்ணையும் கட்டிவிடுவார்களாம். 1813இல் எசெக்ஸில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் அந்தக் கருவிகள் கிடைத்தன. இடையில் எத்தனை தெருக்களில், எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் செத்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. தொழில் போட்டி ஆண்களுக்கிடையே இருந்தது. கட்டப்பட்ட கண் அவளுடையது.

எதிர்ப்பக்கமும் நம் துறையிலேயே இருக்கிறது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் தன்னிடமிருந்த சீவகசிந்தாமணிப் பிரதியை உ.வே. சாமிநாதையரிடம் கொடுத்தார். நூல் சமணக் காப்பியம். ஐயருக்குச் சமண மரபு தெரியாது. கும்பகோணத்துச் சமணர்கள் தங்கள் சமயச் சொற்களை அவருக்குப் பொறுமையாக விளக்கினார்கள். 1887இல் நூல் அச்சானது. ஒரு முன்சீப்பும் சில சமணக் குடும்பங்களும் அன்று ‘தேடிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் இன்று நான் பாடம் நடத்தும் விதமே வேறாக இருந்திருக்கும். அந்த வட்டத்திலும் பெண்கள் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி என் கட்டுரைக்கு வருகிறேன். சுவடியில் ஒரு நாளின் பதிவில் பன்னிரண்டு பெண்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘௧வ’ என்று இருந்தது. ௧ என்பது ஒன்று. பக்கத்தில் இருந்த வகரத்தை வரவு என்பதன் சுருக்கமாக வாசித்தேன். ஆளுக்கு ஒரு படி. அடியில் மொத்தம் பதினைந்து படி என்று போட்டிருந்தது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு படிதானே வர வேண்டும்? மூன்று படி எங்கே போயிற்று? கூலியைப் பற்று எழுதாமல் ஏன் வரவு எழுதினான்? கணக்கெழுதியவன் பெண்களின் கூலியில் கைவைத்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். பண்ணைகளில் பெண்ணுழைப்பு எவ்வாறு ஏட்டிலேயே களவாடப்பட்டது என்று உணர்ச்சியோடு எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. பாராட்டினார்கள். பதவி உயர்வுக் கோப்பில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் ஒரு கருத்தரங்கு. அந்த இளம் தோழி அதற்குள் எங்கள் கல்லூரியை விட்டுப் போயிருந்தார். வேறு எங்கேயோ சுவடி படிக்கக் கற்று, நெல் கணக்குகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். தன் அப்பா நெல் மண்டியில் கணக்கெழுதியவர் என்றும், பழைய பின்னக் குறிகளைச் சிறுவயதிலேயே வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பழகியதாகவும் சொன்னார். திரையில் ஒரு ஓலையைக் காட்டினார். “இந்த வகரம் எழுத்து இல்ல. கால்னு படிக்கணும். எழுத்துன்னு நினைச்சுட்டா கணக்கே மாறிடும்” என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒன்றேகால். பன்னிரண்டு ஒன்றேகால் பதினைந்து. அந்தக் கணக்கன் யாரையும் ஏமாற்றவில்லை. அளந்ததை அளந்தபடி எழுதியிருந்தான். அந்தப் பெண்களின் கூலியில் தலைக்குக் கால் படி குறைத்தவள் நான்தான். பெண்களின் கூலி திருடப்பட்டது உண்மை. அதற்கு வேறு ஆயிரம் சான்றுகள் உண்டு. அந்த ஓலையில் அது நடக்கவில்லை. என் காலிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு குறி, நான் நோட்டைக் கொடுக்க மறுத்தவரின் திண்ணையில் இருந்திருக்கிறது. அன்று நோட்டைக் கொடுத்திருந்தால் அவர் புரட்டிக்கொண்டே போய், “அக்கா, இந்தப் பக்கத்தை ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டிருப்பார்.

நன்னூல் இதையும் சொல்லியிருக்கிறது; பலமுறை நடத்தியும் நான் கேட்கவில்லை. ஆசிரியர் சொல்வதை நன்றாகப் பற்றிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்குத் தான் எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. அதாவது கல்வியில் பாதி, கொடுப்பதில் இருக்கிறது. கொடுக்க மறுத்தவர் தன் அறிவை முழுதாக வைத்துக்கொண்டதாக நினைக்கிறார். அவரிடம் இருப்பது அதிகம் போனால் அரை.

படைப்பாற்றலுக்கும் இதே கணக்குத்தான். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மத்தேய் செர்னேயும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அறிவை மறைப்பவரின் சொந்தப் படைப்பாற்றலே குறைவதைக் காட்டியது. மறைப்பவரைச் சகாக்கள் நம்புவதில்லை. அவர்களும் பதிலுக்கு மறைக்கிறார்கள். புதிய யோசனைக்கு வேண்டிய எண்ணெய் வற்றிவிடுகிறது. ஒருவரையொருவர் முந்துவதே குறியாக இல்லாமல், கற்பதையும் தேர்வதையும் மதிக்கிற பணியிடங்களில் அந்தப் பாதிப்பு குறைவு என்றும் கண்டார்கள். கவிதை எழுதுகிறவளாக இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கவிதைகளில் உருப்படியானவை எல்லாம் நாலு பெண்கள் உட்கார்ந்து, “இந்த வரி வேண்டாம்டி, பொய்யா இருக்கு” என்று சொன்ன பிறகு உருப்பட்டவை. அங்கே நான் எதையும் ஒளித்ததில்லை. சம்பளம் வருகிற இடத்தில் மட்டும் ஒளித்தேன்.

அந்த இடம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பின் எங்கள் உழைப்பெல்லாம் புள்ளிகளாயிற்று. இருவர் சேர்ந்து எழுதினால் புள்ளி பிரிந்துபோகும். சக ஊழியருக்கு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைக் குறிக்க எந்தக் கட்டமும் கிடையாது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத சுயநிதிப் பிரிவுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பொத்திப் பாதுகாத்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எனக்கு நிரந்தர வேலை இருந்தது. மே மாதமும் சம்பளம் வந்தது. அமைப்பு என்னை மறைக்கத் தூண்டியது உண்மை. பையின் மேல் காலை வைத்துத் தள்ளிக்கொண்டது அமைப்பு அல்ல. மறைக்கும் தவறு எல்லோருக்கும் ஒரே எடை என்று நான் நினைக்கவில்லை. யாருடைய நாற்காலி உறுதியாக இருக்கிறதோ அவருடைய கடன் கூடுதல். பெண் என்பதால் எனக்கு நேர்ந்த எதுவும், எனக்குக் கீழே நின்ற பெண்ணிடம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை.

அன்று கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கட்டுரையில் நான் செய்த பிழையைச் சொன்னேன். பிறகு நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும்க்கா. அன்னைக்கு உங்க பை ஜிப் திறந்துதான் இருந்துச்சு. அட்டை தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏம்மா மறுபடி கேக்கல?”

“கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சாதத்தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். பயிலரங்கில் எழுதிக்கொண்டே எழுதவில்லை என்றவரைப் பார்த்து நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. மறைப்பவர் மறைத்துவிட்டதாக நினைக்கிறார். கேட்டு நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது.

நோட்டை நகலெடுத்து எங்கள் துறையில் எல்லோருக்கும் எட்டும்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு முதுகலை மாணவர்களுக்குப் பின்ன எண்கள் நடத்த அவரை அழைத்தேன். மதிப்பூதியமும் பயணப்படியும் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தார். கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பினேன்.

கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். இதுவரை வெளியாகவில்லை. எனவே இங்கே பதிவு செய்துவிடுகிறேன்: அன்று களையெடுத்த பன்னிரண்டு பெண்களுக்கும் தலைக்கு ஒன்றேகால் படி. மொத்தம் பதினைந்து. கணக்குச் சரி.